அயல்நாட்டில் ஒரு வீடு: பத்திரமும் அமானத்தும்



கடலோரத் தமிழ் முஸ்லிம் ஊர்களில் மலேசியாவோடு தொடர்பில்லாத குடும்பத்தைக் காண்பது அரிது. பினாங்கின் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியாவும் இங்கிருந்து சென்றவர்களின் நினைவைத் தாங்கி நிற்பவை. முன்பெல்லாம் ஆண்கள் அங்கே உழைத்து, பணத்தை ஊருக்கு அனுப்பி, ஊரில் வீடு கட்டினார்கள். இன்று சில வீடுகளில் நடை திரும்பியிருக்கிறது. மகளை அங்கே மணமுடித்துக் கொடுத்த பெற்றோர், முதுமையில் பேரப்பிள்ளைகளின் அருகில் தங்குவதற்கு அங்கே ஒரு கொண்டோ வாங்கலாமா என்று கேட்கிறார்கள்.

மதரஸாவில் பாடம் நடத்தும் என்னிடம் இக்கேள்வி வரும்போது, பெரும்பாலோர் அறிய விரும்புவது ஒன்றுதான்: "ஹஸரத், வங்கிக் கடன் கூடுமா?" கேள்வி சரியானதே. ஆனால் கடனைப் பற்றிய கேள்விக்கு முன்னும் பின்னும் வேறு பல கேள்விகள் உள்ளன என்பதை 2024ஆம் ஆண்டில் என் லாத்தாவின் குடும்பத்திற்காகத் தாள்களைச் சுமந்து அலைந்தபோது தெரிந்துகொண்டேன். அவ்வலைச்சலில் அறிந்தவற்றை அதே வழியில் செல்ல எண்ணும் குடும்பங்களுக்குப் பயன்படட்டும் என்றெண்ணி எழுதுகிறேன்.

லாத்தாவுக்கு இரண்டு மகன்கள், ஒரு மகள். மகள் மலேசியக் குடிமகன் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டுக் கோலாலம்பூரில் இருக்கிறாள். எங்கள் வாப்பாவின் மறைவுக்குப்பின் வாரிசுரிமைப்படி லாத்தாவுக்குக் கிடைத்த மனை ஒன்று ஊருக்குள் இருந்தது. அதை விற்ற பணமும் மச்சானின் சேமிப்பும் சேர்ந்தால் வீட்டுக்குப் போதும் என்பது கணக்கு. மகள் குடியிருக்கும் பகுதியிலேயே 7 இலட்சம் ரிங்கிட் விலையில் ஓர் அடுக்குமாடி வீடு விற்பனைக்கு வந்திருந்தது.

முதல் தடை அங்கேயே எழுந்தது. மலேசியாவில் நிலம் மாநில அரசுகளின் அதிகாரத்திற்குட்பட்டது. அந்நாட்டு நிலச் சட்டத்தின் 433பி பிரிவின்படி, அயல்நாட்டவர் சொத்து வாங்க முன்அனுமதி பெறவேண்டும். அவர் வாங்கக்கூடிய சொத்துக்குக் குறைந்தபட்ச விலையும் உண்டு. 2014 மார்ச் முதல் நடுவண் அரசின் வழிகாட்டுதல் அதனை 5 இலட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 இலட்சமாக உயர்த்தியது. கோலாலம்பூரில் அந்த 10 இலட்சமே அளவு. பிற மாநிலங்களில் இது மாறுபடும். மலாய் ஒதுக்கீட்டு நிலம், பூமிபுத்ராக்களுக்கென ஒதுக்கப்பட்ட வீடுகள், குறைந்த விலைக் குடியிருப்புகள் ஆகியவற்றை அயல்நாட்டவர் வாங்க இயலாது. வாங்குபவர் முஸ்லிம் என்பதால் இதில் சலுகை ஏதும் இல்லை. கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது என்பதே கேள்வி. ஆகவே லாத்தா பார்த்த 7 இலட்சம் ரிங்கிட் வீடு அவர் பெயரில் பதிவாக வழியே இல்லை.

அப்போது நல்லெண்ணத்தோடு ஒரு யோசனை வந்தது. வீட்டை மருமகன் பெயரில் வாங்கிவிடலாம்; அவர் குடிமகன், விலை வரம்பு அவரைக் கட்டுப்படுத்தாது; பணத்தை உண்டியலில் அனுப்பினால் இரண்டே நாளில் கைக்கு வந்துவிடும்; வங்கி, வரி, அனுமதி எதுவும் வேண்டாம். நம் குடும்பங்களில் இவ்வாறு நடப்பது புதிதன்று. மச்சானும் அரைமனத்தோடு இணங்கியிருந்தார். "மாப்பிள்ளை தங்கமானவர், தம்பி. அவர் பெயரில் இருந்தால் என்ன, நம் பெயரில் இருந்தால் என்ன?" என்றார்.

மருமகன் தங்கமானவர் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் பத்திரம் மனிதரின் குணத்தைப் பார்ப்பதில்லை. நாளை அவருக்கு ஒன்று நேர்ந்தால், அவ்வீடு அவருடைய சொத்தாகவே எண்ணப்பட்டு அவருடைய மனைவி, பிள்ளைகள், பெற்றோர் ஆகியோருக்குப் பங்கிடப்படும். மாமியார் என்ற உறவுக்கு வாரிசுரிமையில் பங்கு கிடையாது. அவர் தொழிலில் கடன்பட்டால், கடன்காரர் அவ்வீட்டைக் கேட்கலாம். "இது என் மாமியாரின் பணம்" என்று அவர் சத்தியம் செய்தாலும், உண்டியலில் வந்த பணத்திற்குச் சான்று எங்கே?

இன்னொன்றும் இருந்தது. அது மருமகனின் வீடாகிவிட்டால், நடைமுறையில் மகளுக்குக் கொடுத்த அன்பளிப்பாகிவிடும். மற்ற இரண்டு மகன்களுக்கு என்ன கொடுத்தோம்? நுஃமான் பின் பஷீர் (ரலி) அவர்களுக்கு மட்டும் தந்தை கொடுத்த அன்பளிப்புக்குச் சாட்சியாக நிற்க நபி (ஸல்) அவர்கள் மறுத்த நிகழ்வு புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. மதரஸாவில் ஆண்டுதோறும் பாடமாக நடத்தும் செய்தி அது. என் வீட்டு வாசலுக்கு அது வரும்போது மட்டும் எப்படிப் பேசாமலிருப்பது?

இவற்றை நான் லாத்தாவின் முன்னிலையில் சொன்னபோது மச்சானின் முகம் வாடியது. "அப்படியானால் வீடே வேண்டாம் என்கிறாயா?" என்று கேட்டார். வாடகைக்கு ஒரு வீடு எடுக்கலாமே என்றேன். அதுவரை பேசாதிருந்த லாத்தா சொன்னார்: "தம்பி, அது வாப்பா தந்த மனை. அதை வாடகையாகக் கரைக்க மாட்டேன். வீடாக மாறட்டும், என் பெயரில் மாறட்டும். முறையாக என்ன செய்யவேண்டுமோ அதைக் கேட்டு வா." மருமகனிடம் தொலைபேசியில் இதைச் சொன்னபோது, தலையிலிருந்து ஒரு பாரம் இறங்கியதைப் போல "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அவரும் மனத்தில் அஞ்சிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

முறையான வழி நீளமானது. முதலில் பணம் இந்தியாவை விட்டு வெளியேறுவதைப் பார்ப்போம். ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டம் 2004இல் 25,000 டாலர் வரம்புடன் தொடங்கியது. இன்று இந்தியாவில் குடியிருக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். வெளிநாட்டில் வீடு வாங்குவதும் அதில் அடங்கும். பான் எண் கட்டாயம். இதில் கவனிக்கவேண்டிய விதி ஒன்று: குடும்பத்தார் பலர் தத்தம் வரம்பைச் சேர்த்து ஒரு சொத்துக்கு அனுப்பவேண்டுமானால், அனுப்பும் ஒவ்வொருவரும் அச்சொத்தின் கூட்டு உரிமையாளராக இருக்கவேண்டும். யார் பணமோ அவர் பெயர் பத்திரத்தில் வரவேண்டும் என்பதே இதன் சாரம். மனைவியின் பொருள் மனைவிக்கே உரியது என்ற நம் மார்க்கத்தின் நிலைப்பாடும், வங்கி அலுவலர் நீட்டிய விதித்தாளும் இந்த இடத்தில் ஒன்றையே சொல்லின. லாத்தாவின் பங்கு 60 விழுக்காடு, மச்சானின் பங்கு 40 விழுக்காடு என்று முடிவாயிற்று. அவரவர் கணக்கிலிருந்தே அவரவர் பங்கு சென்றது.

அடுத்தது டி.சி.எஸ். என்ற வரிப்பிடித்தம். 2023 அக்டோபர் முதல், இத்தகைய அனுப்புதல்களில் ஆண்டுக்கு 7 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு 20 விழுக்காட்டை வங்கி பிடித்து அரசுக்குச் செலுத்தவேண்டும். 2025 ஏப்ரல் முதல் அவ்வரம்பு 10 இலட்சம் ஆகியிருக்கிறது. விலையும் செலவுகளும் சேர்த்து நாங்கள் அனுப்பவேண்டியது ஏறத்தாழ 2 கோடி ரூபாய். இருவருக்கும் சேர்த்து 14 இலட்சம் கழித்தாலும், பிடித்தம் 37 இலட்சத்தைத் தொட்டது. இது இழப்பன்று, வருமானவரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது செலுத்தவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம், மிஞ்சினால் திரும்பப் பெறலாம். ஆனால் அதுவரை அப்பணம் கையில் இராது. மனை விற்றதற்கான மூலதன ஆதாய வரியில் லாத்தாவின் பிடித்தம் கழிந்ததென்பது ஓர் ஆறுதல். உள்நாட்டில் வீடு வாங்கினால் கிடைக்கும் 54எஃப் பிரிவு வரிவிலக்கு வெளிநாட்டு வீட்டுக்குக் கிடையாது என்பதை ஆடிட்டர் முதல்நாளே சொல்லிவிட்டார்.

அந்த 37 இலட்சத்துக்கு எங்கே போவது? மூத்த மகன் தன் சேமிப்பிலிருந்து பெற்றோருக்கு அழகிய கடனாகக் கொடுத்தான். மகன் தாய்க்குக் கொடுப்பதற்கு எழுத்து எதற்கு என்று லாத்தா கூசினார். குர்ஆனின் ஆக நீளமான வசனமான அல்பகரா 282, கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியதுதானே என்று நினைவூட்டினேன். தொகை, தவணை, இரண்டு சாட்சிகள் என ஒரே தாளில் எழுதினோம். மறு ஆண்டு வரித்தொகை திரும்பி வந்ததும் கடன் முழுவதும் அடைக்கப்பட்டு, அத்தாளின் கீழே "பெற்றுக்கொண்டேன்" என்ற ஒப்பமும் இடப்பட்டது.

இனி, எல்லோரும் கேட்கும் வங்கிக் கடன். மலேசியா இஸ்லாமிய வங்கித்துறையில் முன்னோடி நாடு. அங்கே முதல் இஸ்லாமிய வங்கி 1983இல் தொடங்கப்பட்டது. வீடு வாங்குவதற்கு, வங்கியும் வாடிக்கையாளரும் கூட்டாக வாங்கி வங்கியின் பங்கைச் சிறுகச் சிறுக வாடிக்கையாளர் வாங்கிக்கொள்ளும் முஷாரகா முதனாகிஸா முறை உண்டு. சரக்கு வணிகத்தின் வழியாக நடக்கும் தவர்ருக் முறையும் பரவலாக உள்ளது. இரண்டாவதன் ஒழுங்கமைக்கப்பட்ட வடிவத்தை 2009இல் ஷார்ஜாவில் கூடிய பன்னாட்டு ஃபிக்ஹ் பேரவை ஏற்கவில்லை. மலேசிய அறிஞர்கள் அனுமதிக்கிறார்கள். கருத்துவேறுபாடு இருக்கும் இடத்தில் அதை மறைக்காமல் சொல்வது ஆசிரியனின் கடமை. ஆனால் எங்கள் வழக்கில் இவ்விவாதத்திற்கே தேவை எழவில்லை. இந்தியாவில் குடியிருப்பவர் வெளிநாட்டு வங்கியில் கடன் பெறுவதற்கு அந்நியச் செலாவணி விதிகள் கடுமையான கட்டுப்பாடு வைத்துள்ளன. இத்தகைய அனுப்புதலுக்காக இந்திய வங்கிகளும் கடன் தரக்கூடாது. கைப்பணம் இருந்தால் மட்டுமே இவ்வழியில் இறங்கலாம். வெளிநாட்டில் பணியாற்றி அங்கேயே வசிப்பவர்களின் நிலை வேறு. அவர்கள் அந்நாட்டு வங்கியிடம் கேட்டுக்கொள்ளலாம்.

கடன் இல்லாவிட்டாலும் வட்டி வேறு வாசலால் நுழையப் பார்த்தது. ஏற்கெனவே ஒருவருக்குச் சொந்தமான வீட்டை வாங்கும்போது, அங்குள்ள வழக்கப்படி 10 விழுக்காடு முன்பணம் செலுத்தி ஒப்பந்தம் எழுதுகிறார்கள். எஞ்சிய 90 விழுக்காட்டை மூன்று மாதத்தில் செலுத்தவேண்டும். தவறினால் மேலும் ஒரு மாதம் தவணை, அதற்கு ஆண்டுக்கு 8 விழுக்காடு வட்டி. வரைவில் அவ்வாசகத்தைக் கண்டதும் வழக்கறிஞரிடம் இரண்டு வேண்டுகோள் வைத்தோம். அயல்நாட்டவருக்கான அனுமதி கிடைத்த நாளிலிருந்தே மூன்று மாதமும் எண்ணப்படவேண்டும் என்பது ஒன்று. அனுமதி வருவதற்குள்ளேயே முழுப் பணத்தையும் அவரது கட்சிக்காரர் கணக்கில் வைத்துவிடுகிறோம் என்பது மற்றொன்று. இரண்டும் நிறைவேறின. அந்த வட்டி வாசகம் தாளில் உறங்கியதோடு சரி.

இவ்வளவிலும் எங்களை மிகவும் அலைக்கழித்தது ஒரு சிறிய செய்தி: பெயர். கடவுச்சீட்டில் லாத்தாவின் பெயர் மட்டும் இருந்தது. குடும்பப் பெயருக்கான இடம் வெறுமையாக இருந்தது. பான் அட்டையில் வாப்பாவின் பெயர் விரித்து எழுதப்பட்டிருந்தது. வங்கிப் புத்தகத்தில் தலைப்பெழுத்து மட்டும். மலேசியப் படிவமோ "பிந்தி" என்று போட்டுத் தந்தையின் பெயரைக் கேட்டது. நால்வகைப் பெயரும் ஒருவரே என்று நம் கண்ணுக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. முதல் தவணைப் பணம் பெயர் பொருந்தவில்லை என்று திரும்பி வந்தது. வந்துபோன செலவாணி மாற்றத்தில் ஒரு தொகை கரைந்தது. இரண்டு வங்கிக் கிளைகள், சுற்றுலா வருகையில் வந்தவருக்குக் கணக்குத் திறக்க இயலாது என்று கைவிரித்தன. மூன்றாவது கிளை, விற்பனை ஒப்பந்தத்தின் படியையும் வழக்கறிஞரின் கடிதத்தையும் பார்த்தபின் திறந்து கொடுத்தது. நால்வகைப் பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற உறுதிமொழிப் பத்திரம் ஒன்றை ஊரிலேயே நோட்டரியிடம் முடித்து எடுத்துச் சென்றால், இந்த அலைச்சலில் பாதி குறையும்.

பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை அங்குள்ள வழக்கறிஞர் மூன்று முறை கேட்டார். மச்சானுக்குச் சினம் வந்தது. "நாம் என்ன திருடர்களா?" என்றார். அந்நாட்டின் 2001ஆம் ஆண்டுப் பணமோசடித் தடுப்புச் சட்டப்படி, சொத்து விற்பனையைக் கையாளும் வழக்கறிஞரும் பணத்தின் மூலத்தை விசாரிக்கக் கடமைப்பட்டவர். மனை விற்பனைப் பத்திரம், வாரிசுப் பாகப்பிரிவினை, வங்கி அறிக்கை ஆகியவற்றைக் கொடுத்தோம். ஹலாலான பொருளின் வழித்தடத்தைக் காட்டக் கேட்டால் கூச்சப்பட ஏதுமில்லை என்று மச்சானிடம் சொன்னேன். உண்டியலில் அனுப்பியிருந்தால் அக்கேள்விக்கு எங்களிடம் பதிலே இருந்திராது; இந்திய அந்நியச் செலாவணிச் சட்டப்படி, சம்பந்தப்பட்ட தொகையின் மூன்று மடங்கு வரை தண்டமும் விதிக்கப்படலாம்.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2024 ஜனவரி முதல் அயல்நாட்டவருக்கு முத்திரை வரி விலையில் 4 விழுக்காடாக இருந்தது. 10 இலட்சம் ரிங்கிட்டுக்கு 40,000. 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தின்படி, 2026 முதல் குடியிருப்புகளுக்கு அது 8 விழுக்காடாக உயர்த்தப்பட்டுள்ளது. வாங்கிய ஐந்தாண்டுக்குள் விற்றால் ஆதாயத்தில் 30 விழுக்காடு வரி, அதன்பின் 10 விழுக்காடு. விற்பவர் அயல்நாட்டவராயின், வாங்குபவர் விலையில் 7 விழுக்காட்டைப் பிடித்து அங்குள்ள வரித்துறையிடம் கட்டுவார். மாதப் பராமரிப்புக் கட்டணமும், அதில் 10 விழுக்காடு சேமநிதியும் தனி. இந்தியாவில் ஆண்டுதோறும் வருமானவரிப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் இவ்வீட்டைக் காட்டவேண்டும். காட்டாவிட்டால் 2015ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டப்படி 10 இலட்சம் ரூபாய் தண்டம் உண்டு.

பலர் அறியாத மற்றொன்று: வீடு வாங்கினால் வசிக்கும் உரிமை வந்துவிடாது. 2023 டிசம்பரிலிருந்து இந்தியர் விசா இன்றி 30 நாள் தங்கலாம். சொந்த வீடு இருந்தாலும் அந்த 30 நாள் 31 ஆகாது. நீண்டகாலம் தங்க விரும்புவோருக்கான "மலேசியா என் இரண்டாவது இல்லம்" திட்டத்தின் வெள்ளிப் பிரிவுக்கே 1,50,000 டாலர் வைப்புத்தொகை கேட்கிறார்கள். அது லாத்தாவின் சக்திக்கு அப்பாற்பட்டது. ஆண்டுக்கு இருமுறை சென்று, மாதம் நிறையும் முன் திரும்பிவருவது என்றே அவர் மனத்தைத் தேற்றிக்கொண்டார்.

2025 ஜனவரியில் பதிவு முடிந்தது. நெடுநேரம் பத்திரத்தில் தம் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்த லாத்தா, பிறகு என்னிடம் கேட்டார்: "நான் போய்விட்டால் இது என்னாகும், தம்பி?" இக்கேள்விக்கு விடை தேடாமல் வீடு வாங்கும் வேலை முடிவதில்லை. அசையாச் சொத்து, அது இருக்கும் நாட்டின் சட்டப்படியே கைமாறும். வாரிசுகள் அங்கே சென்றுதான் முறையிடவேண்டும். லாத்தாவின் பங்கு ஃபராயிள் கணக்குப்படி 20 கூறாக்கப்பட்டால், கணவருக்கு 5, மகன்களுக்கு 6, 6, மகளுக்கு 3. இதைத் தாளில் எழுதி மூன்று பிள்ளைகளையும் கூட்டிவைத்து விளக்கினேன். வாரிசுக்கு வஸிய்யத் செய்ய இயலாது. ஆயினும் ஆவணங்கள் எங்குள்ளன, எந்த வழக்கறிஞரிடம் மூலப்படி இருக்கிறது, யார் பொறுப்பேற்று நடத்துவது என்பவற்றை எழுதிவைப்பது அவசியம். பெற்றோர் இல்லாத மாதங்களில் மகள் குடும்பம் அவ்வீட்டில் தங்கிப் பராமரிப்புக் கட்டணத்தைச் செலுத்துவதென்றும், அதனால் அவளுக்குக் கூடுதல் உரிமை எதுவும் இல்லையென்றும் சகோதரர் இருவரும் சம்மதித்து ஒப்பமிட்டனர். ஒப்பமிட்டபின் இளையவன் தங்கையிடம், "இப்போது நிம்மதியாக இரு. யாரும் நாளைக்கு ஒன்றும் சொல்லமாட்டார்கள்" என்றான். அவள் அழுதுவிட்டாள்.

இவ்வழியில் இறங்க நினைப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இதுவே. வீட்டைப் பார்ப்பதற்கு முன் வரம்பைப் பாருங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன், உங்கள் தரப்புக்கென்று ஒரு வழக்கறிஞரை அங்கேயும் ஓர் ஆடிட்டரை இங்கேயும் அமர்த்துங்கள். சட்டமும் வரியும் ஆண்டுக்காண்டு மாறுவன. நான் எழுதிய எண்களை அன்றைய நிலையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஊரிலிருந்தே அதிகாரப் பத்திரம் கொடுப்பதானால், அது நோட்டரி முன்போ மலேசியத் தூதரகத்திலோ முறைப்படி சான்று பெற்று, அங்குள்ள உயர்நீதிமன்றத்தில் பதியப்படவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பணம் யாருடையதோ பெயரும் அவருடையதாக இருக்கட்டும். உறவு நன்றாக இருக்கும் நாளில் எழுதப்படும் தாளே, உறவைக் காக்கும் தாள்.

நம் பொருளில் தூய்மையையும், நம் எழுத்தில் நேர்மையையும், நம் பிள்ளைகளின் உள்ளங்களில் இணக்கத்தையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.